தரையில் இருக்கிறது காடு

மறைமலைநகரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டவை கட்டைவிரல் நகத்தளவே வளரும் இரண்டு உயிர்கள். ஒன்று, பட்டுப்போன கிளையில் முளைக்கும் ஸ்கைசோஃபில்லம் என்னும் காளான். மற்றொன்று, மழைக்குப் பின் ஈர மண்ணில் ஒட்டிப் படரும் ரிக்சியா என்னும் ஈரலுருத் தாவரம். வண்டலூர்க் காப்புக்காட்டின் ஓரத்தில் நடப்பவர் இந்த இரண்டையும் மிதித்துவிட்டுப் போவார். மரங்களை மட்டுமே அண்ணாந்து பார்ப்பார். அப்படிப் பார்ப்பதுதான் இயல்பு. ஆனால் காட்டை அளப்பதற்கும் வளர்ப்பதற்கும் அந்தப் பார்வை போதாது என்பது என் வாதம். இந்த இரண்டு உயிர்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், காடு என்பது மரங்களின் எண்ணிக்கை அன்று, அது தரையில் நடக்கும் வேலை என்பது புலப்படும். அந்த வேலைக்கு இடம் விடாமல் எத்தனை கன்றுகள் நட்டாலும் நமக்குத் தோப்புதான் கிடைக்கும், காடு கிடைக்காது. இதைச் சான்றுகளோடு நிறுவ முயல்கிறேன். எதிர்வாதங்களையும் ஒதுக்காமல் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இரண்டின் தோற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கைசோஃபில்லம் கம்யூன் என்பது அதன் முழுப் பெயர். காம்பு இல்லாமல் கட்டையோடு ஒட்டிக்கொண்டு சிறு விசிறிபோல் விரியும். அகலம் ஒன்று முதல் நான்கு சென்டிமீட்டர் வரை. மேற்புறம் வெண்மையும் சாம்பலும் கலந்த நிறம், மெல்லிய மயிர்ப்பரப்பு, தோல்போன்ற உறுதி. புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் செவுள்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு செவுளும் நெடுக இரண்டாகப் பிளந்திருக்கும். அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் வளரும் காளான் இது. மணிப்பூரில் இதைச் சமைத்து உண்கிறார்கள். ரிக்சியாவோ பச்சை நிறமுடையது. வேர், தண்டு, இலை என்ற பாகுபாடு அதற்கு இல்லை. தட்டையான உடல் இரண்டிரண்டாகக் கிளைத்துக் கிளைத்து வட்டமாகப் பரவும். ஒவ்வொரு கிளையின் நடுவிலும் ஒரு பள்ளக்கோடு ஓடும். அடியில் மண்ணைப் பற்றிக்கொள்ள மெல்லிய வேரிழைகளும், ஓரங்களில் செதில்களும் உண்டு. தமிழகச் சமவெளிகளில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாதையோரம், பாறை இடுக்கு, கரைச்சரிவு என்று வெற்று மண் கிடைக்கும் இடங்களில் இதன் இனங்கள் தலைகாட்டும்.

இவை இரண்டையும் ஒரே கூட்டத்தில் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் நீண்டது. 1729-இல் ஃபிளாரன்ஸ் நகரின் பியர் அந்தோனியோ மிக்கேலி வெளியிட்ட தாவர நூலில் ரிக்சியாவும் இருந்தது, காளான்களை உள்ளடக்கிய பூஞ்சைகளும் இருந்தன. பூஞ்சைகளுக்கும் ஸ்போர்கள் உண்டு என்பதை நுண்ணோக்கியில் கண்டு, அவற்றை விதைத்து வளர்த்தும் பார்த்தவர் அவர். அத்தகைய நுட்பம் கொண்டவரே இரண்டையும் தாவரம் என்றுதான் கொண்டார். லின்னேயஸும் அப்படியே கொண்டார். பூக்காதவை, விதை தராதவை, சிறியவை, ஈரத்தில் வளர்பவை என்ற நான்கு அடையாளங்கள் அதற்குப் போதுமானவையாக இருந்தன. 1969-இல் ராபர்ட் விட்டேக்கர் ஐந்துலக வகைப்பாட்டை முன்வைத்துப் பூஞ்சைகளைத் தனி உலகமாக நிறுத்தினார். அவர் கொண்ட அடிப்படை, அவை உணவு பெறும் முறை. 1993-இல் மரபணு, புரத ஒப்பீட்டு ஆய்வுகள் இன்னும் ஒருபடி சென்றன. பூஞ்சைகளின் நெருங்கிய உறவு தாவரங்களோடு இல்லை, விலங்குகளோடு இருக்கிறது என்று அவை காட்டின. உடலமைப்பும் இதற்கு ஒத்தே சாட்சி சொல்கிறது. ரிக்சியாவின் செல்சுவர் செல்லுலோஸால் ஆனது. காளானின் செல்சுவரில் இருப்பது கைட்டின், வண்டின் ஓட்டிலும் இறாலின் ஓட்டிலும் உள்ள அதே பொருள். ரிக்சியா தன் உணவை ஸ்டார்ச்சாகச் சேமிக்கிறது. காளான் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது, நம் கல்லீரல் சேமிப்பதுபோல. ஆகவே உறவு முறையில் இந்தக் காளான் ரிக்சியாவைவிட நமக்கே நெருக்கம். ரிக்சியாவின் உறவோ அதன் தலைக்குமேல் நிற்கும் பாலை மரத்தோடும் வீரை மரத்தோடும்.

உறவு வேறு என்றால் தொழிலும் வேறு. ரிக்சியா சூரிய ஒளியையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு தன் உடலைத் தானே ஆக்கிக்கொள்கிறது. காட்டில் ஆக்கும் வேலை அதனுடையது. அளவில் மிகச் சிறியதாயினும் மரம் செய்யும் அதே வேலை. காளானால் அப்படி எதையும் ஆக்க முடியாது. அதன் உண்மையான உடல் நம் கண்ணுக்குத் தெரியும் விசிறி அன்று. கட்டைக்குள் ஓடும் மெல்லிய இழைகளின் வலை. அந்த இழைகள் நொதிகளை வெளியே சுரந்து, மரச்சுவர்களைச் சிறு சிறு சர்க்கரைகளாக உடைத்து, உடைந்ததை உறிஞ்சிக்கொள்கின்றன. 2010-இல் இந்தக் காளானின் மரபணுத்தொகை முழுமையாக வெளியிடப்பட்டபோது, மரப்பொருளை உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் அதில் மிகுந்திருப்பது தெரியவந்தது. ஆக, மரம் பல ஆண்டுகள் சேர்த்ததைப் பிரித்து மண்ணுக்குத் திருப்பித் தருவது காளானின் தொழில். ஆக்குதல் மட்டும் நடந்து பிரித்தல் நடக்காத இடத்தில் பாஸ்பரஸும் நைட்ரஜனும் பட்ட கட்டைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். பிரித்தல் மட்டும் நடக்கும் இடத்தில் பிரிப்பதற்கே விரைவில் ஒன்றும் மிஞ்சாது. இரண்டும் ஒரே தரையில் நடக்கும்போதுதான் காடு தன்னைத்தானே நடத்திக்கொள்ளும்.

இந்தப் பிரிவினை அவ்வளவு தெளிவானதா என்று ஒரு மாணவர் கேட்கலாம், கேட்பது நியாயம். பச்சையாக இருந்தால் தாவரம், இல்லாவிட்டால் பூஞ்சை என்ற எளிய விதி உண்மையில் செல்லாது. வட ஐரோப்பாவில் அனூரா மிராபிலிஸ் என்றொரு ஈரலுருத் தாவரம் உண்டு. 1933-இல் ஸ்வீடனில் அறியப்பட்ட அது பச்சையமே இல்லாதது. பாசி மெத்தையின் அடியில் இருளில் வாழ்கிறது. பூஞ்சை ஒன்று அதன் செல்களுக்குள் குடியிருக்கிறது. அதே பூஞ்சை அருகிலுள்ள பிர்ச் மரத்தின் வேரோடும் தொடர்பு கொண்டிருக்கிறது. மரம் செய்த சர்க்கரை பூஞ்சையிழை வழியாக இந்த வெளிறிய தாவரத்தை வந்தடைகிறது. உணவு பெறும் முறையை மட்டும் பார்த்தால் இது பூஞ்சையைப் போல் வாழ்கிறது. உடலமைப்பையும் மரபையும் பார்த்தால் ஈரலுருத் தாவரமே. இந்த விதிவிலக்கு என் வாதத்தைக் குலைக்கவில்லை. தோற்றமும் நிறமும் உறவைத் தீர்மானிப்பதில்லை என்பதை அது உறுதிசெய்கிறது. அதோடு, தாவரமும் பூஞ்சையும் எவ்வளவு ஆழமாகப் பின்னிக்கொள்ள முடியும் என்பதையும் காட்டுகிறது.

இனி இரண்டின் வாழ்க்கைச் சுழற்சியைப் பார்ப்போம். இவ்வளவு வேறான இரண்டு உயிர்கள் இங்கே வியக்கத்தக்க வகையில் நெருங்கி வருகின்றன. மனிதர், மாடு, மாமரம் என்று நாம் அறிந்த பெரிய உயிர்களின் உடற்செல்லில் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக, ஒரே உட்கருவுக்குள் இருக்கின்றன. ரிக்சியாவின் பச்சை உடலிலோ ஒரு தொகுதிதான். இரு தொகுதி கொண்ட நிலை, தாயுடலுக்குள் புதைந்திருக்கும் சிறு உருண்டையாகச் சில காலம் வாழ்ந்து, ஸ்போர்களை உண்டாக்கியதோடு முடிகிறது. காளானிலும் இரண்டு பெற்றோரின் உட்கருக்கள் ஒரே செல்லுக்குள் வந்து சேர்ந்தாலும் உடனே இணைவதில்லை. பக்கத்தில் பக்கமாகத் தனித்தே இருக்கின்றன; ஸ்போர் உண்டாகும் கடைசிக் கட்டத்தில் மட்டும் இணைந்து, உடனே பிரிகின்றன. ஆனால் இணைசேரும் வழி முற்றிலும் வேறு. ரிக்சியாவின் ஆண் செல் நீரில் நீந்தித்தான் பெண் செல்லை அடைய வேண்டும். மழைநீர்ப் படலம் இல்லாவிட்டால் கருவுறுதல் இல்லை. காளானுக்கு நீந்த வேண்டியதில்லை. இரண்டு இழைகள் தொட்டால் போதும். அதிலும் ஆண், பெண் என்ற இரண்டு பிரிவு கிடையாது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இணை வகைகள் இந்த ஒரே இனத்தில் இருக்கின்றன. ஆகவே எதிர்ப்படும் அந்நிய இழை எதுவாயினும் பெரும்பாலும் பொருத்தமான துணையாகவே அமைகிறது.

ஸ்போர்களிலும் இதே வேற்றுமை தொடர்கிறது. காளானின் ஸ்போர் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு நீளமே உடையது. காற்று எங்கே கொண்டுபோனாலும் போகும். உலகெங்கும் இந்த இனம் பரவியிருப்பதன் இரகசியம் இதுவே. ரிக்சியாவின் ஸ்போர் மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கை நெருங்கும். கனமும் தடித்த சுவரும் கொண்ட அது பெரும்பாலும் விழுந்த இடத்து மண்ணிலேயே அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பல ஈரலுருத் தாவரங்களில் ஸ்போர்ப்பை வெடித்து ஸ்போரைத் தூவும் அமைப்பு இருக்கிறது. ரிக்சியாவில் அந்த அமைப்பு இல்லை. தாயுடல் இறந்து மட்கினால்தான் உள்ளே சிறைப்பட்ட ஸ்போர்கள் வெளியே வரும். அந்த மட்கவைத்தலைச் செய்பவை மண்ணிலுள்ள பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். ஸ்கைசோஃபில்லமே வந்து இந்த வேலையைச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. அது கட்டையில் வாழ்வது. ஆனால் மட்குதல் என்னும் தொழில் நின்றுபோனால் ரிக்சியாவின் அடுத்த தலைமுறையும் நின்றுபோகும். ஆக்கும் உயிர் ஒன்று தன் பிறப்புக்கே பிரிக்கும் உயிர்களை நம்பி நிற்கிறது.

தாவரத்துக்கும் பூஞ்சைக்கும் உள்ள இந்த உடன்பாடு மிகப் பழையது. ஈரலுருத் தாவரங்களின் ஸ்போர்களை ஒத்த புதைபடிவங்கள் ஏறத்தாழ 47 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில், அர்ஜென்டினாவில் கிடைத்திருக்கின்றன. ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரில் சுமார் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய தாவரப் படிவங்களில், செல்லுக்குள் கிளைவிட்ட பூஞ்சையின் வடிவமே அழியாமல் பதிந்திருக்கிறது. நீரிலிருந்து கரையேறிய முதல் தாவரங்களுக்கு வேர் இல்லை. பாறையிலிருந்து பாஸ்பரஸை எடுத்துக் கொடுத்தது பூஞ்சையிழை என்பது இன்று வலுவான கருத்து. இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. மார்கான்ஷியா பேலியேசியா என்னும் ஈரலுருத் தாவரத்தைக் கொண்டு செய்த சோதனைகள் 2010-இல் வெளியாயின. பூஞ்சை தாவரத்துக்குப் பாஸ்பரஸும் நைட்ரஜனும் தருவதையும், தாவரம் பதிலுக்கு ஒளிச்சேர்க்கையில் ஆக்கிய கரிமத்தைப் பூஞ்சைக்குத் தருவதையும் அவை அளந்து காட்டின. 2021-இல் அதே இனத்தில் நடந்த மரபணு ஆய்வு, தாவரம் பூஞ்சைக்குக் கொழுப்பைக் கொடுப்பதும் இந்த உடன்பாட்டின் பகுதி என்று நிறுவியது. ஆனால் எல்லா ஈரலுருத் தாவரங்களும் இன்று இப்படி வாழ்வதில்லை. ரிக்சியா இனங்களில் பெரும்பாலானவை உடலுக்குள் பூஞ்சையை வைத்துக்கொள்ளும் பழக்கத்தை இழந்துவிட்டவை. ஆகவே இங்கே பூஞ்சையும் ரிக்சியாவும் கைகோத்து வாழ்கின்றன என்று சொல்வது மிகையாகிவிடும். இவற்றை இணைப்பது ஒன்றின் உடலுக்குள் மற்றொன்று குடியிருக்கும் உறவு அன்று. இரண்டும் பங்குகொள்ளும் மண்.

இந்த மண்ணின் தன்மையை இப்போது பார்க்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டக் கரையோரம் உலர் பசுமைமாறாக் காடுகளின் நிலம். ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடும். அதன்பின் பல மாதங்கள் வறட்சி. பாலை, வீரை, காசா, களா போன்ற மரமும் புதரும் தடித்த இலைகளால் அந்த வறட்சியைத் தாங்குகின்றன. காளானும் ரிக்சியாவும் வேறு வழி கண்டிருக்கின்றன. ஈரம் குறைந்ததும் ஸ்கைசோஃபில்லத்தின் பிளந்த செவுள்கள் இருபுறமும் சுருண்டு, ஸ்போர் உண்டாகும் பரப்பை உள்ளே மூடிக்கொள்ளும். மழை பட்டதும் விரிந்து, மறுபடி ஸ்போர் உதிர்க்கத் தொடங்கும். கனடாவின் ரெஜினால்ட் புல்லர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலர்ந்த காளான்களைக் காற்றில்லாக் குழாயில் அடைத்து வைத்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்துத் திறந்து நனைத்தபோது அவை மீண்டும் உயிர்த்தொழில் செய்தன. ரிக்சியாவும் வெயில் ஏறியதும் தன் விளிம்புகளை மேல்நோக்கி உள்ளே மடித்துக்கொள்கிறது. அடியிலிருந்த செதில்கள் மேலே வந்து போர்வையாகின்றன. உறவே இல்லாத இரண்டு உயிர்கள் ஒரே நெருக்கடிக்கு ஒரே விடையைத் தனித்தனியே கண்டிருக்கின்றன. இது உறவினால் வந்த ஒற்றுமை அன்று, இடத்தினால் வந்த ஒற்றுமை. ஆகவே இந்த இரண்டும் எங்கே ஒருசேர வாழ்கின்றனவோ, அங்கே தரை தன் இயல்பான நனைவையும் உலர்வையும் இழக்காமல் இருக்கிறது என்று நாம் முடிவுகட்டலாம்.

ஒன்றின் கழிவு இன்னொன்றின் வளம் என்ற அறிவு இந்த மாவட்டத்துக்குப் புதிது அன்று. வேடந்தாங்கல் மக்கள், ஏரியில் கூடுகட்டும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் தம் வயலுக்கு உரமாவதை அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுட வந்தவர்களை எதிர்த்து முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உரிமைச் சீட்டுப் பெற்றார்கள். பறவைகள் பறப்பது வானத்தில். அவற்றால் விளைவது மண்ணில். அந்தத் தொடர்பைக் கண்ட உழவர்கள் அந்தப் பறவைகளைக் காத்தார்கள். அதே அறிவை நாம் காட்டின் தரைக்கும் நீட்ட வேண்டும்.

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் இங்கிருந்து எட்டும் தொலைவிலுள்ள வண்டலூரில் தொடங்கிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 24 விழுக்காடாக இருக்கும் காட்டு, மரப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவது அதன் இலக்கு. நல்ல இலக்கு, அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் பரப்பை அளக்கும் அளவுகோல் மேலிருந்து பார்ப்பது. செயற்கைக்கோளின் கண்ணுக்கு இலைக்கூரை தெரியும். அதன்கீழ் மட்கும் கட்டை இருக்கிறதா, மிதிபடாத மண் இருக்கிறதா என்பது தெரியாது. மாமல்லபுரம் செல்லும் கடற்கரையோரச் சவுக்குத் தோப்பை நினைத்துப் பாருங்கள். வரிசையாக நட்டு, சில ஆண்டுகளில் வெட்டி, மிலாறும் சருகும் அடுப்புக்கு வாரிச் செல்லப்படுகின்றன. அது உழவருக்கு வருமானம், ஊருக்கு விறகு. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அங்கே பட்ட கிளை கிடந்து மட்குவதற்கு நேரம் இல்லை. சவுக்குத் தோப்பும் மரப் பரப்பு, வீரையும் பாலையும் நிற்கும் காடும் மரப் பரப்பு என்றால், கணக்கில் இரண்டும் ஒன்றாகிவிடும். தரையில் இரண்டும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைச் சொல்லும் சாட்சிகளே இந்தக் காளானும் ரிக்சியாவும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது: இவ்வளவு வறண்ட கரையோரத்தில் ஈரலுருத் தாவரத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமா? அது மலைகளின் செல்வம் அல்லவா? மலைகளில் அவை மிகுதி என்பது உண்மை. கொடைக்கானல் செண்பகனூரில் வாழ்ந்த ஜார்ஜ் ஃபோரோ என்னும் இயேசு சபைத் துறவி பழனி மலையின் பாசியினங்களைப் பல்லாண்டு தொகுத்து, 1961-இல் பட்டியல் வெளியிட்டார். நாகர்கோயில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியின் டேனியல்ஸ் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பிரையோஃபைட்டுகளை, அதாவது பாசிகளும் ஈரலுருத் தாவரங்களும் அடங்கிய தொகுதியைப் பற்றி எழுதிய பெருநூல் 2013-இல் வந்தது. அந்தச் செல்வத்தின் முன் நம் சமவெளி எளியதுதான். ஆயினும் மலையில் ஆண்டு முழுதும் ஈரம் இருப்பதால் அங்கே ஈரலுருத் தாவரம் வாழ்வது எளிது. இங்கே அது வாழ்ந்தால் அந்தச் சில மாத ஈரத்தை மண் நன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். அரிதாக இருப்பதே அதன் சாட்சியை வலுவாக்குகிறது.

இரண்டாவது எதிர்வாதம் உழவர்களிடமிருந்து வரும். காளான் என்றாலே நோய் அல்லவா. தென்னையை வாட்டும் தஞ்சாவூர் வாடல் நோய் கேனோடெர்மா என்னும் காளானால் வருகிறது, பட்ட மரத்தை உடனே அகற்றச் சொல்வதும் வேளாண் துறைதானே என்பார்கள். தோப்பில் அந்த அறிவுரை சரி. நோயுற்ற தென்னையைத் தோப்பில் விட்டுவைக்க நான் சொல்லவில்லை. ஆனால் அதே வேளாண் துறை கேனோடெர்மாவுக்கு எதிராக வேப்பம் பிண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா இடச் சொல்கிறது, அதுவும் பூஞ்சைதான். பூஞ்சையைக் கட்டுப்படுத்துவது பல வேளைகளில் இன்னொரு பூஞ்சை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சதாசிவன் அவர்கள் மண்ணில் வாழும் நோய்ப்பூஞ்சைகளை ஆராயும் மரபொன்றை உருவாக்கினார். நோய்ப்பூஞ்சை மண்ணில் தனித்து நிற்பதில்லை, மற்ற நுண்ணுயிர்களோடு போட்டியிட்டே வாழ்கிறது என்பது அந்தத் துறையின் அடிப்படைப் பாடம். பலவகைப் பூஞ்சைகள் வாழும் மண்ணில் ஒரே நோய்ப்பூஞ்சை தலையெடுப்பது கடினம். ஒரே வகை மரம் வரிசையாக நிற்கும் இடத்தில்தான் அதற்கு வேட்டை எளிது.

மூன்றாவது: நம் வறண்ட காடுகளில் கட்டையைத் தின்பது காளானைவிடக் கரையான்தானே? இது நுட்பமான வினா. ஆம், கரையானின் பங்கு இங்கே மிகப் பெரிது. ஆனால் புற்றுக் கட்டும் கரையான்கள் மரத்தைத் தாமே முழுதும் செரிப்பதில்லை. புற்றுக்குள் தோட்டம் அமைத்து, டெர்மிட்டோமைசஸ் என்னும் பூஞ்சையை வளர்த்து, அதைக்கொண்டு மரப்பொருளைப் பக்குவப்படுத்தி உண்கின்றன. மழைக்குப் பின் நாம் பறித்துண்ணும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்து வருவதே. ஆகக் கரையானைச் சொன்னாலும் மறுபடியும் பூஞ்சையிடமே வந்து சேர்கிறோம்.

நான்காவது: சருகும் கட்டையும் கிடந்தால் கோடையில் தீப்பற்றுமே. பற்றும்; அது புறக்கணிக்கக்கூடாத அபாயம். ஆனால் அதற்குத் தீர்வு காட்டின் எல்லையிலும் பாதையோரத்திலும் தீத்தடுப்புக் கோடுகளைச் சுத்தமாக வைப்பது. காடு முழுவதையும் பெருக்கி எடுப்பது அன்று. காட்டினுள் நிழலில், மண்ணோடு அழுந்தி, பூஞ்சையிழை ஊடுருவிய கட்டை ஈரம் பிடித்துவைக்கும். புதிதாக உலர்ந்த சுள்ளியைப் போல் எளிதில் எரியாது. சருகைக் கூட்டிக் கொளுத்துவதோ நாம் பயப்படும் தீயை நாமே மூட்டுவது.

ஐந்தாவது எதிர்வாதம் மிகக் கூர்மையானது; எனக்கு மிகவும் பயன்பட்டதும் அதுவே. காளானுக்குச் சருகும் கட்டையும் வேண்டும். ரிக்சியாவுக்கோ சருகு மூடாத வெற்று மண் வேண்டும். ஒன்றுக்கு வேண்டியது மற்றொன்றுக்குத் தடை. இரண்டையும் எப்படிச் சேர்த்துக் காப்பது? உண்மைதான், ஒரே சாண் நிலத்தில் இரண்டையும் வளர்க்க முடியாது. ஆனால் இயல்பான காட்டின் தரை ஒரே சீராக இருப்பதில்லை. மரத்தடியில் சருகு மெத்தை, விழுந்த கிளையைச் சுற்றி மட்கு, நீர் ஓடிய தடத்தில் வெற்று மண், பாறையின் நிழற்பக்கம் ஈரச் சரிவு என்று பலவகைத் தரைகள் சில அடிகளுக்குள் அடுத்தடுத்து இருக்கும். இரண்டு உயிரும் ஒரே காட்டில், வெவ்வேறு மூலைகளில் வாழும். நாம் அழிப்பது அந்தப் பன்மையை. முழுவதும் பெருக்கினால் காளான் போகும். முழுவதும் மூடாக்குப் போட்டால் ரிக்சியா போகும். மழைக்காலத்தில் கன்றுகளுக்கிடையே களையென்று முழுவதும் கொத்திவிட்டால் ஸ்போர் முதிருமுன்னே ரிக்சியா மடியும். ஒரு நிலத்தில் இவ்விரண்டையும் காண முடிந்தால் அங்கே தரை இன்னும் பல்வகையாக இருக்கிறது என்பது தெளிவு. ஒன்றை மட்டும் தேடினால் இந்தச் செய்தி கிடைக்காது. ஒப்பிட்டுப் பார்ப்பதன் பயனும் அதுவே.

கடைசியாக ஒன்று. மாமல்லபுரத்துச் சிற்பங்களில் பாசி படிந்தால் தொல்லியல் துறை அதை நீக்குகிறது. அது சரியா என்று கேட்பார்கள். சரிதான். 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக மதிக்கப்படும் அந்தக் கல்லில் உயிர்கள் வேர்கொண்டால் சிற்பியின் உளிக்கோடு மங்கும். கல்லை மண்ணாக்குவது இந்தச் சிற்றுயிர்களின் தொழில். சிற்பத்தில் அந்தத் தொழிலை நிறுத்துவது நம் கடமை. காட்டில் அதே தொழில்தான் மண்ணை உண்டாக்குகிறது. அங்கே அதை நிறுத்துவது பிழை. கோயிலைப் பராமரிக்கும் கண்ணோடு காட்டைப் பராமரிக்கலாகாது. காட்டில் தூய்மை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் பட்டினி.

ஆகவே இந்த அவையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். இம்மாவட்டத்தில் கன்று நடும் ஒவ்வொரு அமைப்பும், நட்ட கன்றுகளின் எண்ணிக்கையோடு, மட்குவதற்கு விட்ட கட்டையையும் கொத்தாமல் விட்ட மண்ணையும் சேர்த்துக் கணக்கு எழுதட்டும். நம் ஏரிக்கரைகளிலும் பூங்காக்களிலும் ஒரு மூலையையாவது பெருக்காமல், கொளுத்தாமல், மண் போட்டு மேவாமல் விட்டுவைப்போம். ஆசிரியர்கள் வரும் பருவமழையில் மாணவர்களை ஒரு கைலென்ஸோடு அருகிலுள்ள திறந்த நிலத்துக்கு அழைத்துச் செல்லட்டும். பிடுங்காமல், பறிக்காமல், குனிந்து பார்த்து, எங்கே எது வளர்ந்தது என்று நாளோடு குறித்துக்கொள்ளட்டும். ஆண்டுக்காண்டு தொடர்ந்தால் அந்தக் குறிப்பேடு இவ்வூரின் மண் தேறுகிறதா தேய்கிறதா என்பதைச் சொல்லும் ஆவணமாகும். மரம் நட நமக்கு நன்றாகத் தெரியும். தரையை விட்டுவைக்கவும் கற்றுக்கொண்டால்தான் நாம் நட்டது காடாகும்.